பணியிடத்தில் ஒட்ட வேண்டிய தொழிற்சட்ட அறிவித்தல்கள்: மலையகத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடைகளுக்கும் சிறு தொழிற்சாலைகளுக்கும் சம்பளப் பதிவேடுகளையும் ஊழியர் சேமலாப நிதிப் படிவங்களையும் எழுதிக் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அப்படி ஒருமுறை போன ஒரு தேயிலை ஸ்டோரில் (தோட்டத்துத் தொழிற்சாலையில்), மகப்பேற்று நன்மைகள் பற்றிய அறிவித்தல் எங்கே என்று கேட்டேன். கந்தோர் அலுமாரியை இரண்டு பேர் பிடித்து நகர்த்திய பிறகுதான் அது தென்பட்டது. கண்ணாடிச் சட்டகத்தில் போட்ட ஆங்கிலத் தாள். கண்ணாடிக்குள் பூஞ்சணம் படர்ந்து பாதி எழுத்து மறைந்திருந்தது. அரிப்பறையில் தூள் பிரித்துக்கொண்டிருந்த முப்பது பெண்களில் ஒருவரும் அந்தக் கந்தோருக்குள் கால் வைத்தவர் அல்லர். அறிவித்தல் இருந்தது என்று நிர்வாகம் சொன்னது பொய்யில்லை. ஆனால் வாசிக்க வேண்டியவர் நிற்கும் இடத்தில், அவருக்குத் தெரிந்த மொழியில் இல்லாத தாளை அறிவித்தல் என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை என்பதை இந்த வழிகாட்டியைப் படித்து முடிப்பதற்குள் காண்பீர்கள்.

இது முதலில் முதலாளிமாருக்காக எழுதப்பட்டது. ஹட்டனில் துணிக்கடை வைத்திருப்பவர், எல்லவில் பயணிகள் விடுதி நடத்துபவர், சொந்தத் தேயிலைத் தொழிற்சாலையை ஓட்டுபவர், தோட்டத்துக் கந்தோரில் இந்தப் பொறுப்பு தலையில் விழுந்த இளம் உத்தியோகத்தர் ஆகியோரை மனதில் வைத்திருக்கிறேன். தொழிலாளரும் வாசிக்கலாம், கடைசிப் பகுதி அவர்களுக்கானது.

முதற்படி: எந்தச் சட்டம் உங்களைத் தொடுகிறது என்று தீர்மானித்தல்

இலங்கையில் எல்லா வேலைத்தலங்களுக்கும் பொதுவான ஒரே அறிவித்தல் தாள் கிடையாது. தொழிற்சட்டங்கள் காலத்துக்குக் காலம் தனித்தனியாக இயற்றப்பட்டவை. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் வருவோருக்கு மட்டும் கடமை விதிக்கிறது. ஆகையால் சுவரைப் பார்ப்பதற்கு முன் உங்கள் ஆட்பட்டியலைப் பாருங்கள்.

தோட்டத் தொழிலாளருக்கும் தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் முதன்மையானது 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். தேயிலை பயிரிடுதல், உற்பத்தி செய்தல் ஆகிய தொழிலுக்கென்று அதன் கீழ் ஒரு சம்பளச் சபை, அதாவது அந்தத் தொழிலின் குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் சபை, இருக்கிறது. இதே கட்டளைச் சட்டத்தின் கீழ் நாற்பதுக்கும் மேற்பட்ட தொழில்களுக்குச் சபைகள் உள்ளன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேக்கரி வைத்திருப்பவருக்கும், அச்சகம் நடத்துபவருக்கும், ஹோட்டல்காரருக்கும், ஆடைத் தொழிற்சாலைக்கும் தனித்தனிச் சபைகள் உண்டு.

கடைக்கும் அலுவலகத்துக்கும் உரியது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். விடுதிகளும் உணவகங்களும் இதன் கீழும் வரும், ஹோட்டல் தொழிலுக்கான சம்பளச் சபையின் கீழும் வரும். எனவே விடுதி உரிமையாளர் இரண்டையும் வாசிக்க வேண்டியிருக்கிறது. சலிப்பாக இருக்கும், வேறு வழியில்லை.

இயந்திரங்களைக் கொண்டு பொருளைச் செய்யும், மாற்றும், பதப்படுத்தும் இடங்களுக்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பொருந்தும். தோட்டத்து ஸ்டோர் இதற்குள் அடங்கும். தோட்டம் தானே, தொழிற்சாலைச் சட்டம் நமக்கு எதற்கு என்ற பேச்சை இன்றும் கேட்கிறேன். கொழுந்து பறிக்கும் மலைக்கு அது பொருந்தாது. உருளை இயந்திரமும் அடுப்பும் ஓடும் கட்டடத்துக்குப் பொருந்தும்.

பெண்கள் வேலை செய்யும் தோட்டம், தொழிற்சாலை முதலியவற்றுக்கு 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் உண்டு. கடை, அலுவலகப் பெண்களுக்கான மகப்பேற்று விடுமுறை முன்சொன்ன 1954ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

எந்தச் சம்பளச் சபைக்குள்ளும் வராத தொழில் என்றால், 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் அடித்தளமாக நிற்கிறது. சம்பளச் சபை தீர்மானிக்கும் தொகையும் இந்த அடித்தளத்துக்குக் கீழே போகக் கூடாது.

இரண்டாம் படி: பழைய பலகையைக் கழற்றி, உட்கார்ந்து வாசித்தல்

புதியதை எழுதுவதற்கு முன் பழையதை வாசியுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மலையகத்தில் நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை அறிவித்தல் இல்லாததால் வந்தவை அல்ல. ஒரு காலத்தில் சரியாக இருந்த தாள், சட்டம் மாறிய பிறகும் சுவரிலேயே இருந்து, மேற்பார்வையாளரும் அதைப் பார்த்தே கணக்குப் பார்த்ததால் வந்தவை.

முதலில் மகப்பேற்று விடுமுறையைப் பாருங்கள். பழைய சுருக்கத் தாள்களில், முதலிரு பிள்ளைகளுக்கு 84 நாட்கள், மூன்றாம் பிள்ளைக்கும் அதற்குப் பின்னும் 42 நாட்கள் என்று இருக்கும். 2018ஆம் ஆண்டின் திருத்தம் இந்த வேறுபாட்டை நீக்கிவிட்டது. எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாட்கள். மூன்றாவது பிள்ளைக்கு 42 நாளில் பேர் போட, அதாவது வேலைக்கு, வரச் சொன்னார்கள் என்று ஒரு தாய் வந்து நிற்கும்போது, அந்தப் பிழையின் வேர் சுவரில் தொங்கும் தாளில் இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது வயது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது 14 என்று இருந்தது 2021இல் 16ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட தனியார் துறை வேலைத்தலங்களில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60ஆக்கியது. ஓய்வு வயது 55 என்று சட்டகத்தில் போட்டு மாட்டியிருக்கும் நிறுவன விதிமுறைகளை இன்றும் காணலாம், அவற்றைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியாகச் சம்பளம். தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2016இல் 10,000 ரூபாவாகவும் நாட்சம்பளம் 400 ரூபாவாகவும் தொடங்கியது. 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதை 2025 ஏப்ரல் 1 முதல் மாதம் 27,000 ரூபா, நாளொன்றுக்கு 1,080 ரூபா என்றும், 2026 ஜனவரி 1 முதல் மாதம் 30,000 ரூபா, நாளொன்றுக்கு 1,200 ரூபா என்றும் நிர்ணயித்தது. பலகையில் இதற்குக் குறைந்த ஏதேனும் தொகை இருந்தால் அது பலகையில் இருக்கத் தகுதியற்றது.

மூன்றாம் படி: சரியான வாசகத்தை உரிய இடத்திலிருந்து பெறுதல்

அறிவித்தல்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில், சட்டத்தின் சுருக்கத்தை விதிக்கப்பட்ட வடிவத்திலேயே காட்சிக்கு வைக்க வேண்டும். உங்கள் சொந்த வார்த்தையில் எழுத இடமில்லை. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் சுருக்கமும் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் சுருக்கமும் இவ்வகையின. இவற்றைத் தொழில் திணைக்களத்திடமிருந்தே பெற்றுக்கொள்ளுங்கள். நாரஹேன்பிட்டியிலுள்ள தலைமைச் செயலகத்துக்குப் போக வேண்டியதில்லை. ஹட்டன், நுவரெலியா, பதுளை, கண்டி ஆகிய இடங்களிலுள்ள தொழில் அலுவலகங்களில் விசாரிக்கலாம்.

மற்ற வகையில், உங்கள் வேலைத்தலத்துக்குப் பொருந்தும் விபரங்களை நீங்களே நிரப்ப வேண்டும். சம்பள வீதம், வேலை நேரம், சம்பளம் கொடுக்கும் நாள், விடுமுறை நாட்கள் ஆகியன இதில் வரும். இதற்கு மூலம் வர்த்தமானி அறிவித்தல். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வர்த்தமானிகள் தமிழிலும் வெளியிடப்படுகின்றன. செய்தித்தாளைப் பார்த்து எழுதாதீர்கள். அரசியல் மேடையில் கேட்டதை வைத்து ஒருபோதும் எழுதாதீர்கள்.

இதைத் தேயிலைச் சம்பளத்தின் கதையைக் கொண்டு விளக்கலாம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. 2024 மே மாதத்தில் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அது நீதிமன்றத்தில் சவாலுக்கு உட்பட்டு இடைநிறுத்தப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் சம்பளச் சபையின் தீர்மானமாக 1,350 ரூபா வந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்ட உரையில் நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக்குவதாகவும், அதற்கு மேல் வருகை ஊக்கத்தொகையாக அரசாங்கம் 200 ரூபா தருவதாகவும் முன்மொழியப்பட்டது. மே மாதத்தில் 1,700 என்று பெரிய எழுத்தில் ஒட்டிய கந்தோர், செப்டெம்பரில் எந்தத் தொகையை நியாயப்படுத்திப் பேச வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உரையும் உடன்படிக்கையும் பேச்சுவார்த்தையும் செய்திகள்; பலகையில் ஏற வேண்டியது நடைமுறையிலிருக்கும் தீர்மானமும், அது எந்தத் திகதியிலிருந்து செல்லுபடியாகிறது என்பதும் ஆகும். அரசாங்கம் தரும் ஊக்கத்தொகையை எழுதுவதானால், முதலாளி தரும் சம்பளத்தோடு கூட்டி ஒரே தொகையாகக் காட்டாமல் தனி வரியில் எழுதுங்கள்.

சொல்லப்போனால், இத்தீவில் குறைந்தபட்சச் சம்பளம் என்ற எண்ணமே சட்டமானது தோட்டத்தில்தான். இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்ச வேதனக் கட்டளைச் சட்டம் 1927இல் வந்தது. மற்றைய தொழில்களுக்கு வழிவிட்ட சம்பளச் சபைகள் அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்தே வந்தன. அத்தகைய இடத்தில் சம்பள அறிவித்தல் அலுமாரிக்குப் பின்னால் கிடப்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

நான்காம் படி: எழுதுதலும் அச்சிடுதலும்

சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அறிவித்தலை எதிர்பார்க்கின்றன. மூன்றையும் ஒரே அளவில், ஒரே வரிசையில் வையுங்கள். சிங்களமும் ஆங்கிலமும் அச்சில் இருக்க, தமிழ் மட்டும் பேனாவால் கீழே கிறுக்கப்பட்டிருக்கும் பலகைகளைப் பார்த்திருக்கிறேன். தொழிலாளரில் பத்துக்கு எட்டுப் பேர் தமிழ் வாசிப்பவர்களாக இருக்கும் இடத்தில் இது எந்த வகையிலும் பொருந்தாது.

தமிழ்ப் பிரதி எழுதும்போது இரண்டு விடயங்களில் கவனம் தேவை. முதலாவது எழுத்துரு. பாமினியில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். தமிழ் தெரியாத அச்சகக்காரர் அதை அப்படியே அச்சிட்டும் கொடுத்துவிடுவார். யுனிகோடில் தட்டி, படக்கோப்பாகவோ மாற்ற முடியாத ஆவணமாகவோ கொடுங்கள். அச்சான தாளைச் சுவரில் ஏற்றுவதற்கு முன் தமிழ் வாசிக்கும் ஒருவரிடம் உரத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது சொற்கள். சட்டச் சொல்லை விட்டுவிடக் கூடாது. ஆனால் தொழிலாளர் நாள்தோறும் சொல்லும் சொல்லும் அருகில் இருக்கட்டும். ஊழியர் சேமலாப நிதி என்று எழுதிவிட்டு, அதனோடு ஈபிஎஃப் என்றும் எழுதினால்தான் பலருக்கு அது தங்கள் பணம் என்று விளங்கும். மேலதிக நேரம் என்பதோடு ஓட்டி என்று சேர்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு நாட்சம்பளத்தைத் தோட்டத்தில் ஒரு பேர் என்றுதான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஒன்றரை மடங்கு என்று எழுதும் இடத்தில் ஒன்றரைப் பேர் என்றும் எழுதிவிட்டால் விளக்கம் கேட்டு வருபவர் குறைவார்.

ஒரு கடைக்கான தமிழ்ப் பிரதி ஏறத்தாழ இப்படி அமையலாம். நகரக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமையும், தோட்டங்களில் சம்பளம் போட்ட வாரமும்தான் கூட்டம் அதிகம். ஆகவே வார விடுமுறையை இடைநாட்களில் வைத்து எழுதியிருக்கிறேன்.

“இக்கடையின் ஊழியர்களுக்கு அறியத்தருவதாவது: வேலை நேரம் முற்பகல் 8.30 முதல் பிற்பகல் 5.30 வரை. முழு நாட்களில் நண்பகல் 12.30 முதல் 1.30 வரை உணவு இடைவேளை; இது வேலை நேரமாகக் கணக்கிடப்படாது. செவ்வாய்க்கிழமை வேலை பிற்பகல் 1.30க்கு முடியும், புதன்கிழமை முழுநாள் விடுமுறை. இந்த ஒன்றரை நாளும் சம்பளத்துடன் கூடியவை. ஒரு நாளில் 8 மணித்தியாலத்துக்கு அல்லது வாரத்தில் 45 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு மேலதிக நேரக் கொடுப்பனவு வழங்கப்படும். மேலதிக நேரம் வாரமொன்றுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேற்படாது. சம்பளம் ஒவ்வொரு மாதமும் ...ஆம் திகதி, சம்பளத் துண்டுடன் வழங்கப்படும். ஊழியரின் பங்காக நூற்றுக்கு 8 சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டு, கடையின் பங்கான நூற்றுக்கு 12 உடன் ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்தப்படும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3 கடையால் மட்டும் செலுத்தப்படும். அது சம்பளத்தில் கழிக்கப்படாது. இவ்வறிவித்தல் செல்லுபடியாகும் திகதி: ... உரிமையாளர் கையொப்பம்: ...”

மணித்தியாலக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள்: ஐந்து முழு நாட்களுக்கு 40, செவ்வாய் முற்பகலுக்கு 5, ஆக 45. அறிவித்தலில் எழுதிய நேரத்தைக் கூட்டினாலே 45ஐத் தாண்டுகிறது என்றால், நீங்கள் உங்களுக்கெதிரான சாட்சியை நீங்களே கையொப்பமிட்டு மாட்டுகிறீர்கள். ஊழியருக்கு ஊழியர் விடுமுறை நாள் மாறினால் பெயர்வாரியான பட்டியலைப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

விடுமுறைப் பகுதியைத் தனித் தாளாக எழுதலாம். கடை, அலுவலக ஊழியருக்கு இரண்டாம் ஆண்டு முதல் 14 நாட்கள் வருடாந்த விடுமுறையும் 7 நாட்கள் தற்செயல் விடுமுறையும் உண்டு. சம்பளத்துடன் கூடிய சட்டபூர்வ விடுமுறை எட்டு: தைப்பொங்கல், சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக் போயாவுக்கு மறுநாள், மீலாதுந் நபி, நத்தார். இவற்றோடு போயா தினங்கள். இந்த எட்டில் தீபாவளி இல்லை. வங்கிகளும் அரச அலுவலகங்களும் மூடியிருக்கும்போது நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஒவ்வோர் ஐப்பசியிலும் ஒரு கடையிலாவது மனத்தாங்கல் வரும். மலையகத்தில் தீபாவளிக்கு ஆள் வராது என்பது எந்த முதலாளிக்கும் தெரியும். சட்டம் கேட்காவிட்டாலும் அந்த நாளை விடுமுறையாகக் கொடுக்கும் கடைகளே அதிகம். கொடுப்பதானால் அது வருடாந்த விடுமுறையில் கழியுமா, கழியாதா என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்; தீபாவளிக்கு முந்திய நாள் வாயால் சொல்லாதீர்கள்.

ஐந்தாம் படி: தொழிற்சாலைக்கு மட்டும் உரியவை

தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் இடமும் குறிப்பிடப்பட்டிருக்கிறது. தொழிலாளர் உள்ளே வரும் பிரதான வாசல்களில் சட்டத்தின் சுருக்கம், தொழிற்சாலைப் பரிசோதகரின் அலுவலக முகவரி, வேலை நேரத்தையும் இடைவேளையையும் எந்தக் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுகிறார்கள் என்ற விபரம் ஆகியன இருக்க வேண்டும். இந்தக் கடிகார விடயத்தைச் சிலர் சிரித்துக்கொண்டு கடந்து போவார்கள். முறை மாறும் நேரத்தில் கந்தோர்க் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தியும், இலையைக் காயவைக்கும் மாடத்துக் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தியும் ஓடும் ஸ்டோரில் வேலை செய்தவருக்கு இதன் அருமை தெரியும்.

தொழிற்சாலைக்குள் சிதறியிருக்கும் சிறிய அறிவித்தல்களும் இதில் சேரும். வேலை அறையொன்றில் எத்தனை பேர் வேலை செய்யலாம் என்பதும், முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பானவர் யார் என்பதும் அந்தந்த அறையிலேயே இருக்க வேண்டும். தீ ஏற்பட்டால் வெளியேறும் வழிகள் சிவப்பு எழுத்தில் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். பாத்திரத்தில் வைக்கும் தண்ணீருக்குக் குடிநீர் என்று எழுத வேண்டும். பாரம் தூக்கும் இயந்திரத்தில் அது தாங்கும் பாதுகாப்பான சுமை குறிக்கப்பட வேண்டும். இவற்றில் முதலுதவிப் பொறுப்பாளரின் பெயர்தான் பெரும்பாலும் பிழைபட்டுக் கிடக்கும். அவர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போய் மூன்று வருடமாகியிருக்கும். உருளையில் விரல் அகப்பட்ட ஒருவரைத் தாங்கிக்கொண்டு, இல்லாத ஒருவரின் பெயரைக் கூப்பிட்டுத் திரிவது எப்படியிருக்கும்?

ஒட்டப்பட்ட அறிவித்தலைக் கிழிப்பதும் சிதைப்பதும் இச்சட்டத்தின் கீழ்க் குற்றம். இது தொழிலாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும்.

ஆறாம் படி: எங்கே மாட்டுவது

சட்டம் சொல்வது எல்லோரும் காணத்தக்க இடம் என்பது. கடையில் அது எளிது: ஊழியர் பையை வைக்கும் இடம், வரவுப் பதிவேட்டில் கையொப்பமிடும் மேசை, தேநீர் குடிக்கும் மூலை ஆகிய மூன்றில் ஒன்று. காசாளரின் தலைக்கு மேல், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினால் வாடிக்கையாளர்தான் வாசிப்பார்.

தோட்டத்தில் இது பெரிய கேள்வி. தொழிலாளர் நாள் முழுவதும் மலையில் இருக்கிறார்கள். ஒரே தோட்டத்தில் மூன்று நான்கு டிவிசன்கள் இருக்கும். ஒரு டிவிசனிலிருந்து மற்றதுக்கு மூன்று கிலோமீற்றர் ஏற்றம் ஏற வேண்டியிருக்கும். மகப்பேற்று நன்மைகளுக்கான சுருக்கத்தைப் பெண்கள் வேலை செய்யும் ஒவ்வொரு பகுதியிலும் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பதால், பெரிய கந்தோரில் ஒரு பிரதி போதாது. டிவிசனுக்கு ஒரு பலகை என்று கணக்கு வையுங்கள்.

பலகையை எந்தச் சுவரில் வைப்பது என்பதற்கு, காலை முதல் மாலை வரை ஒரு கொழுந்து பறிப்பவரின் பின்னால் நடந்து பார்ப்பதே சிறந்த வழி. காலையில் பெரட்டுக் களத்தில் நிற்கிறார். வேலை பிரித்துக் கொடுக்கும் வரை ஐந்து பத்து நிமிடம் காத்திருக்கிறார். பிள்ளை இருந்தால் அதற்கு முன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குப் போகிறார். மதியமும் மாலையும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையில் நிற்கிறார். அந்த மூன்று இடங்களிலும் அவர் கண் சும்மா இருக்கிறது. சம்பள அறிவித்தலுக்கு மடுவம் பொருத்தம். எத்தனை கிலோ, எவ்வளவு கழிவு என்ற பேச்சு அங்கேதான் நடக்கிறது. மகப்பேற்று அறிவித்தலுக்குப் பிள்ளைக் காம்பராவை விடச் சிறந்த சுவர் கிடையாது. ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பாலூட்ட இரண்டு இடைவேளைகள் உண்டு, காம்பரா இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலம் என்ற செய்தியை, பாலூட்ட வந்த இடத்திலேயே வாசித்துக்கொள்வார்.

கோவிலுக்கு முன்னால் வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடுதல் பிரதியாக வைக்கலாம். வேலைத்தலத்தில் வைக்க வேண்டிய பிரதிக்கு அது பதிலாகாது.

மழையையும் பனிமூட்டத்தையும் கணக்கில் எடுங்கள். நம் பக்கத்துத் தென்மேற்குப் பருவ மழையில் வெறும் தாள் ஒரு மாதம் தாங்காது. மாவுப் பசையைத் தேடிக் கரப்பான் வரும்; மை பீச்சும் அச்சுப்பொறியில் எடுத்த எழுத்து, ஈரம் பட்டதும் ஊதா ஆறாக ஓடும். லேசர் அச்சில் எடுத்து, நான்கு பக்கமும் விளிம்பு விட்டு லெமினேட் செய்யுங்கள். விளிம்பை வெட்டிவிட்டால் தண்ணீர் உள்ளே ஏறும். கூரை நீட்டியிருக்கும் பக்கச் சுவரில், நிற்பவரின் கண் மட்டத்தில், பூட்டக்கூடிய கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பது கணக்கப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஏழாம் படி: வாசித்துக் காட்டுதல்

சட்டம் ஒட்டச் சொல்கிறது. வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. ஆயினும் இந்தப் படியை நான் விட மாட்டேன். தோட்டத்தில் வயதானவர்களில் கையெழுத்துப் போடவே பெருவிரல் நீட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சம்பள வீதம் மாறும்போதும், புதிய பலகை ஏறும்போதும், பெரட்டு நேரத்தில் ஐந்து நிமிடம் எடுத்து ஒருவர் உரத்து வாசிக்கட்டும். கங்காணியே வாசிக்க வேண்டும் என்றில்லை. பள்ளிக்கூடம் படித்த ஒரு பெண் வாசித்தால் பெண்கள் கேள்வி கேட்கத் தயங்க மாட்டார்கள். மகப்பேற்றுப் பகுதியில் கேள்விகள் கட்டாயம் வரும்.

எட்டாம் படி: பதிவும் புதுப்பித்தலும்

ஒரு சாதாரணப் பயிற்சிப் புத்தகம் போதும். எந்த அறிவித்தல், எந்த வர்த்தமானியின்படி, எங்கே, எந்தத் திகதியில் ஒட்டப்பட்டது, யார் ஒட்டினார் என்று எழுதி, ஒட்டியதும் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் தாள் மட்டும் தெரிந்தால் பயனில்லை. அது எந்தச் சுவர் என்று விளங்கும்படி தூர நின்று எடுங்கள். ஜனவரியிலும், வரவு செலவுத் திட்டத்துக்குப் பின்னும், உங்கள் சம்பளச் சபையின் புதிய தீர்மானம் வரும்போதும் எல்லாப் பலகைகளையும் சுற்றிப் பாருங்கள்.

தொழில் அலுவலர் நியாயமான எந்நேரத்திலும் வேலைத்தலத்துக்குள் வந்து பதிவேடுகளைப் பார்க்கவும் தொழிலாளரிடம் பேசவும் அதிகாரம் உடையவர். அவர் முதலில் சுவரைப் பார்ப்பார்; பிறகு சம்பளப் பதிவேட்டைத் திறந்து, சுவரில் உள்ளதும் பதிவேட்டில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்ப்பார். பலகையில் சம்பள நாள் 10ஆம் திகதி என்றும் பதிவேட்டில் 18ஆம் திகதி என்றும் இருந்தால், அழகான பலகையே உங்களைக் காட்டிக்கொடுக்கும். மாதச் சம்பளக் காலம் முடிந்து பத்து நாட்களுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் விதி என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள்.

தொழிலாளருக்கு

உங்கள் வேலைத்தலத்தில் அறிவித்தல் இல்லையென்றாலும் உங்கள் உரிமை குறைவதில்லை. அறிவித்தலில் குறைவாக எழுதியிருந்தாலும் குறைவதில்லை. சட்டத்தில் உள்ளதே செல்லும். அறிவித்தலில் கையொப்பம் இட்டுவிட்டீர்கள், இனிப் பேச முடியாது என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

பலகையில் உள்ள தொகையையும் உங்கள் சம்பளத் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை பேர், எவ்வளவு கைக்காசு, ஈபிஎஃப் எவ்வளவு கழிந்தது என்று மூன்றையும் பாருங்கள். வேறுபாடு இருந்தால் பலகையைப் படம் எடுத்து, துண்டையும் பத்திரப்படுத்தி, முதலில் கணக்கப்பிள்ளையிடமோ தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடமோ கேளுங்கள். அங்கே பதில் கிடைக்காவிட்டால் அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். தமிழிலேயே எழுதலாம், தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழிதான். முறைப்பாட்டில் உங்கள் பெயர், வேலைத்தலத்தின் முகவரி, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், எந்த மாதத்தில் எவ்வளவு குறைந்தது என்ற விபரம் ஆகியவற்றை எழுதுங்கள். படத்தையும் துண்டையும் பிரதி எடுத்து இணையுங்கள். மூலப் பிரதியை வீட்டில் வையுங்கள். கொடுத்ததற்கு ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் படியிறங்காதீர்கள்.